வற்றும் கடலைக் கண்டவர்

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊரை விட்டுப் புறப்பட்டுப் போய், இரண்டு தடவை திரும்பி வருகிற ஓர் ஊரில் பதினோரு மாதம் இருந்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தார். கல்முனையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் சொன்னதை நம்பியவர்கள் அதைவிடக் குறைவு.

'வத்துக்கடல்' என்பது ஊர் அவருக்கு வைத்த பட்டம். மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனால் வலைக்காரர்கள் தொடங்கிவிடுவார்கள்.

"என்ன வத்துக்கடல் காக்கா, இண்டைக்குக் கடல் ஊட்ட இரிக்கா, வெளிய போயிட்டா?"

அவருக்குக் கோபம் வராது. நின்று, திரும்பி, கடலை ஒருமுறை பார்ப்பார்.

"இஞ்சத்தக் கடல் எங்கயும் போறல்ல தம்பி. ஒரு முழம் ஏறும், ஒரு முழம் எறங்கும், அவ்வளவுதான். நான் சொன்னது அங்கத்தக் கடல."

கேட்டவன் பகிடிக்குத்தான் கேட்டான் என்பதே தெரியாதவர்போல இவ்வளவையும் பொறுமையாகச் சொல்வார். கரையே விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் கையில் சூரை மீனோடு வீட்டுக்கு வருவார்.

ஊருக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உறவு அல்ல, அயல். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீடு மாமியுடையது. சூறாவளியில் பாதி ஓடு பறந்து, திரும்பப் போட்ட புது ஓடும் பழைய ஓடுமாக இரண்டு நிறத்தில் இருந்த வீடு. மாப்பிள்ளைக்குப் பட்டம் வைத்தால் அது பெண் வீட்டின் கதவிலும் ஒட்டிக்கொள்ளும். 'வத்துக்கடல் ஊடு' என்று தபால்காரர்கூட ஒருநாள் கேட்டுக்கொண்டு வந்தார். மாமி அன்று முழுக்கச் சமைக்கவில்லை.

மாமா கப்பலில் கோக்கியாக, சமையல்காரராக இருந்தவர். ஜேர்மனியின் வடக்குக் கரையில், உலகப்படத்தில் போடாத அளவு சிறிய ஒரு துறைமுகத்தில் கப்பலின் எஞ்சின் உடைந்துபோக, மற்றவர்கள் எல்லோரும் ஊர் திரும்ப, கப்பலைப் பார்த்துக்கொள்ள நின்ற மூன்று பேரில் அவர் ஒருவர். அந்த ஊரின் பெயரை அவர் வாய் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லும். கடைசியில் 'ஸீல்' என்று முடியும் என்பது மட்டும் மாறாது. "ஸீல் எண்டா மதகு எண்டு சொன்னாங்க. அது நான் கேட்டது. ஆனா மதகு இரிக்கி, அது நான் கண்டது."

இதுதான் மாமா. இதற்குமேல் அவரைப்பற்றி எழுதுவதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு விளக்கம்தான். கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். சோற்றையும் கல்லையும் பிரிப்பதுபோலப் பிரித்து வைத்துத்தான் பேசுவார். இரண்டிலும் சேராத ஒன்றைக் கேட்டால் "தெரியா" என்பார், அதோடு சரி.

அந்த ஊரை நான் அவர் வாயாலேயே முழுதாகப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். செங்கல் வீடுகள், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு விளக்கு. வீடுகளைவிட உயரமாக, எங்கள் குளக்கட்டைப் போலப் புல் முளைத்த ஒரு கட்டு, கடலை மறித்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகிறது. அதன்மேல் நூறு நூறாகச் செம்மறி ஆடுகள். கட்டுக்கு உள்ளே வயல், வெளியே கடல். கடல் ஏறி நிற்கும்போது வயல் கடலைவிடப் பள்ளத்தில் இருக்குமாம். இறால் பிடிக்கும் படகுகள் இரண்டு பக்கமும் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கொக்கு இறங்குவதுபோல இருக்கும். படகிலேயே இறாலை அவித்துவிடுவார்கள். பிறகு கடல் போய்விடும். படகுகளெல்லாம் சேற்றில் சரிந்து கிடக்கும். அடுத்த தீவுவரைக்கும் தண்ணீரே இருக்காது. மனிதர்கள் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடலின் அடித்தரையில் நடந்து போவார்கள்.

"நீங்களும் போனீங்களா மாமா?"

"இல்ல. போறவங்களக் கண்டன். திரும்பி வந்தவங்களையும் கண்டன். அதே ஆக்கள்தானா எண்டு நான் பாக்கல்ல."

ஆனி மாதத்தில் அங்கே பொழுது படும்போது இரவு பத்து மணி ஆகிவிடும் என்று பள்ளிவாசல் முன்றலில் ஒருநாள் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு மஃரிபா என்று அங்கிருந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நற்பிட்டிமுனை வயல்காரர்கள் மதகுக் கதை கேட்க வந்தார்கள். தண்ணீரும் மதகும் அவர்களுக்குத் தெரிந்த விசயம், இதிலாவது இந்த மனிதன் பிடிபடுவான் என்று.

"அந்த மதகுக் கதவ ஆரு காக்கா பூட்டுற?"

"கடல்தான்."

"கடலா?"

"ஓம். ஏறி வரக்குள்ள தள்ளிப் பூட்டும். போகக்குள்ள உள்தண்ணி தள்ளித் தொறக்கும்."

"தெறப்பு ஆருட்ட இரிக்கி? கடல்ட்டயா?" என்று ஒருவர் சாவியை விசாரித்தார். அதன்பிறகு யாராலும் கேள்வி கேட்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

மாமா மட்டும் யோசித்தார். "தெறப்பு நான் காணல்ல," என்றார்.

இதையெல்லாம் ஊர் ஒருவேளை மன்னித்திருக்கும். ஊர் மன்னிக்காதது வேறொன்று. அவர் 'வல்லாஹி' சொல்லமாட்டார்.

எங்கள் பேச்சில் அல்லாஹ்மேல் ஆணையிடும் அந்தச் சொல் உப்பு மாதிரி. கத்தரிக்காய் பிஞ்சா என்று கேட்டால் வல்லாஹி பிஞ்சு. பஸ் போய்விட்டதா என்றால் வல்லாஹி இப்பதான் போனது. சொன்னவரும் அதை ஆணையென்று நினைப்பதில்லை, கேட்டவரும் நினைப்பதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் உறுத்தும். கடல் வற்றிய கதையைக் கேட்டுவிட்டு ஊர் கடைசியில் கேட்பதும் அதைத்தான்: "எங்க, வல்லாஹி சொல்லுங்க பாப்பம்?" அவர் சொல்லமாட்டார். ஊர் தீர்ப்பெழுதிவிடும்: பொய். உண்மையென்றால் சொல்லியிருப்பானே!

ஏன் சொல்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆண்டவன சாட்சிக்குக் கூப்பிட இது என்ன பெரிய வழக்கா புள்ள? கண்டவன் நான் உசிரோட இரிக்கனே. என்னக் கேட்டாப் போதாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி சிரிப்பல்ல என்று எனக்கு அப்போதே பட்டது. அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆணையில்லாமல், வெறும் சொல்லை, ஒருவராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமியே எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரணம், பன்றிக் கதை.

அயல் பெண்கள் கூடியிருந்த ஓர் அஸர்ப் பின்னேரம். ஒருத்தி கேட்டாள்: "காக்கா, அந்த நாட்டில எல்லாத்திலயும் பண்டி போடுறயாமே. நீங்க திண்டீங்களா?"

'இல்லை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகும் அலுவல். மாமா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார்.

"தெரிஞ்சு திங்கல்ல. தெரியாமத் திண்டனா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அன்று மஃரிபுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, வத்துக்கடல் பன்றி தின்றதை ஒத்துக்கொண்டாராம் என்று. மாமி வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் உம்மாவிடம் வந்து அழுதா.

"இல்லயெண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாயா வெந்துபோகும்? என்ன மனிசன் ராத்தா இவர்? பொய் சொல்லச் சொல்லல்ல. கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாந்தானே!"

மாமியின் சொந்தத் தம்பிக்கே ஒருமுறை அவர் இப்படித்தான் சாட்சி சொன்னார். வயல் வரம்பு இரண்டு முழம் நகர்ந்துவிட்டது என்று பக்கத்து வயல்காரரோடு சண்டை, பள்ளிவாசலில் விசாரணை. "வரம்பு நகந்தத நான் காணல்ல. நகந்த பிறகுதான் கண்டன். நகத்தினது ஆரு எண்டு கேட்டா, எனக்குத் தெரியா," என்றார். தம்பிக்காரன் வழக்கில் தோற்றுப்போய் இரண்டு பெருநாளுக்கு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

இருந்தாலும் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்க எனக்குப் பிடிக்கும். மாமா கோப்பையில் முதலில் கற்கண்டு போடுவார். அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேயிலைச் சாயம் ஊற்றினால் கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு பாலாடையைக் கரண்டியால் ஓரமாக விடுவார். கலக்கக்கூடாது. முதலில் பால், நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு. அந்த ஸீல் ஊர்க் கிழவி ஒருத்தி பழக்கிவிட்டாளாம். "போதும் எண்டா கரண்டியக் கோப்பைக்குள்ள வைக்கணும். வைக்காட்டி அவ ஊத்திக்கிட்டே இரிப்பா. எனக்குத் தெரியா. மொத நாள் எட்டுக் கோப்ப குடிச்சன்." கொஞ்சம் யோசித்து, "எட்டாவது பாதி," என்பார்.

நான் அப்போது உயர்தரத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். உலகப்படம் என்றால் பைத்தியம். கல்முனையைவிட்டு ஒரு நாளும் மட்டக்களப்புக்கு அப்பால் போயிராத எனக்கு, அந்தப் பதினோரு மாதம் ஒரு தனிக் கண்டம். அவர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. நூலகத்தில் தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டி ஒருநாள் பிடித்துவிட்டேன். வற்றுப்பெருக்கு, பிறை, எத்தனை மைல் தூரம் கடல் பின்வாங்கும், எல்லாம் இருந்தது. சேற்றில் சரிந்து கிடக்கும் படகோடு ஒரு படம்கூட இருந்தது. புத்தகத்தை இரவல் வாங்கி, வெயிலில் ஓடோடி வந்தேன்.

"மாமா! நீங்க சொன்னது எல்லாம் சரி! இஞ்ச பாருங்க!"

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் அந்தப் படகைத் தொட்டார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"இது அந்த ஊர் இல்ல. இது வேற ஊர். ஆனா சேறு அதேதான்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நீ இப்ப நம்புறாய்?"

"ஓம் மாமா! வல்லாஹி நம்புறன்!"

"பொஸ்தகத்த," என்றார்.

குரலில் குற்றம் இல்லை. புத்தகத்தைத் துடைத்துத் திருப்பித் தந்து, "வெயில்ல ஓடி வந்திரிக்காய், தேத்தண்ணி குடி," என்றார். நான் குடித்தேன். கற்கண்டு வெடித்ததெல்லாம் காதில் விழவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் சவளக்கடையில் கிடைத்தது. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை தாண்டி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போகவேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட அந்தத் தார்வீதி மாரி பிறந்தால் தண்ணீருக்குக் கீழே போய்விடும். மாமியின் சீதன வயல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பெரும்போகத்தில் அவர்கள் இருவரும் அங்கே வயல்வாடிக் குடிசையில்தான் இருப்பார்கள். மார்கழியில் நானும் அவர்களோடு போய்த் தங்கினேன். காரணம், என் பிள்ளைகள் ஒன்பது பேர் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தார்கள். நான் ராவும் பகலும் படிப்பித்த முதல் ஒன்பது பேர். பரீட்சை நிலையம் கல்முனையில்.

ஐந்து நாளாக மழை. தாம்போதி மூழ்கிவிட்டது. வெள்ளம் கடலுக்கு இறங்க முகத்துவாரத்து மணலை இன்னும் வெட்டிவிடவில்லை என்றார்கள். தோணிக்காரர் ஒருவர் பெற்றோருக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "வல்லாஹி, விடியப் பாங்கு சொல்லி முடியக்குள்ள தோணியோட வந்து நிப்பன். ஒரு புள்ள பிந்தாது." எல்லோருக்கும் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அதே பின்னேரம் மாமா பூவரசங் கிளைகளை வெட்டிக் கட்டுக்கட்டாகத் தாம்போதிக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீரில் இறங்கி, மூழ்கிய வீதியின் இரண்டு ஓரமும் கால்வைத்துத் தடவித் தடவி, பத்து எட்டுக்கு ஒன்றாகக் கம்பு நட்டார். ஆற்றுப்பக்க ஓரம் தார் முடிந்த இடத்திலேயே ஆள் ஆழம்.

"என்ன காக்கா, ஆத்துக்குப் பந்தல் போடுறீங்களா? ஆருக்குக் கலியாணம்?" என்று கரையிலிருந்து மில்லுக்காரர் கேட்டார். அவருடைய மகளும் ஒன்பதில் ஒருத்தி.

"அங்க சேத்துக்குள்ள படகு போற வழிக்கு இப்பிடித்தான் நட்டிரிப்பாங்க. ஒரு பக்கம் எல மேல பாத்தாப்ல. மத்தப் பக்கம் எலயக் கீழ மடக்கிக் கட்டியிரிக்கும். மூடுபனிக்குள்ளயும் எந்த ஓரம் எண்டு தெரியும். அது நான் கண்டது."

"தொடங்கிட்டார்," என்றது கரை.

விடிந்தது. பாங்கு முடிந்தது. தோணி வரவில்லை. ஒன்பது பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு, அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆறரை மணிக்கு ஒருவர் ஓடிவந்து சொன்னார், கயிறு அறுந்து தோணி ஆற்றோடு போய்விட்டது, தோணிக்காரர் அழுதுகொண்டு தேடித் திரிகிறார் என்று. அந்தப் பக்கம் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் ஒன்பது மணிப் பரீட்சை இல்லை. இன்னும் ஒரு வருடம். அந்த ஒன்பதில் நாலு பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வருடம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

"மாமா, நடக்கலாமா?" என்றேன்.

"நேத்து அஸருக்கு முழங்கால். இண்டைக்கு எனக்குத் தெரியா. பாத்திட்டு வாறன்."

அவர் போனார். மழைத்தூறலுக்குள் அவர் சுருங்கிச் சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போய்த் திரும்பி வர அரை மணித்தியாலத்துக்குமேல் எடுத்தது. வந்ததும் மூச்சு வாங்கக் கணக்குச் சொன்னார்.

"முழங்காலுக்கு மேல நாலு விரல். நடுவில ஒரு எடத்தில தார் கழண்டு கெடக்கு. அதில நாலு எட்டு, தொட வரைக்கும். கம்பு ஒண்டும் சாயல்ல."

"முதல?" என்று ஒரு தாய், ஆற்று முதலைகளை நினைத்துக் கேட்டாள்.

"நான் காணல்ல. இல்ல எண்டு சொல்ல ஏலா."

மில்லுக்காரர் முன்னால் வந்தார். "காக்கா, ஒண்டுதான் கேக்கிறன். புள்ளக்கி ஒண்டும் வராது எண்டு வல்லாஹி சொல்லுங்க. ஒருக்காச் சொல்லுங்க. அனுப்புறன்."

அந்த நேரத்தில் நான் மாமாவை வெறுத்தேன். உண்மையாகத்தான் எழுதுகிறேன். ஒரு சொல். நாலு எழுத்து. ஒன்பது பிள்ளைகளின் ஒரு வருடம்.

"அது எப்பிடி நான் சொல்லுற?" என்றார் மாமா, கெஞ்சுவதுபோல. "நான் போன வழியச் சொல்லலாம். இனி வாற தண்ணிய எனக்குத் தெரியுமா?"

"பாத்தீங்களா! அவருக்கே நம்பிக்க இல்ல!" என்றார் மில்லுக்காரர். மகளின் கையைப் பிடித்துத் திரும்பினார். மற்றவர்களும் அசைந்தார்கள். மாமா தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். கடற்கரையே சிரித்தபோது மாறாத முகம் அப்போது மாறியது.

"கொஞ்சம் நில்லுங்க," என்று ஒரு குரல். மாமி.

மாமி ஆண்கள் கூடிய இடத்தில் வாய் திறந்ததை நான் கண்டதில்லை. தலைச்சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தா. அவவின் கையில் வண்டிக் கயிறு.

"பதினாறு வருசம் இந்த மனிசனோட குடும்பம் நடத்துறன். ஒரு நாளாவது நீ அழகு, நீ வடிவு எண்டு சொல்லியிரிக்காரா? இல்ல. நானா வெக்கங்கெட்டுக் கேட்டன். ஒரு பெருநாளைக்கு, புதுச்சேல உடுத்துக்கிட்டு. என்ன சொன்னார் தெரியுமா? 'ஊரில எல்லாப் பொம்புளையையும் நான் பாக்கல்லயே' எண்டார்."

யாரோ ஒரு தாய் பக்கென்று சிரித்துவிட்டாள். இன்னொருத்தி வாயைப் பொத்தினாள்.

"பொண்டாட்டிக்கே ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிசன். இவரா உங்கட புள்ளயளுக்குச் சொல்லப்போறார்? இவர் நாலு எட்டு எண்டா நாலு எட்டுத்தான். நான் போறன். வாறவங்க கயிறப் பிடிங்க."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பாராமல், சேலையைச் சேர்த்து இடுப்பில் சொருகி, தண்ணீரில் இறங்கினா. மாமா திகைத்துப் போய், பிறகு அவசரமாக அவவுக்கு முன்னால் ஓடினார்.

முதலில் கயிற்றைப் பிடித்தது நான் என்று எழுத ஆசைதான். மில்லுக்காரரின் மகள்தான் பிடித்தாள். வாப்பாவின் கையை உதறிவிட்டு. அதன்பின் மற்ற எட்டுப் பேர், நாலு தாய்மார், கடைசியில் நான்.

மாமா முன்னால் கம்பால் ஊன்றி ஊன்றிப் போனார். "முழங்கால்... முழங்கால்... வலப்பக்கம் எல மடிஞ்ச கம்பு, அதுக்கு அங்கால போகாதீங்க... முழங்கால்... இனி தொட, பயப்பிடாதீங்க, ஒண்டு, ரெண்டு..." மழைக்குள் அந்தக் குரல் பாங்கு மாதிரி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தார் கழன்ற இடத்தில் வரிசையின் மிகக் குள்ளமான பிள்ளை நாலாவது எட்டு வைத்தும் மேடு வராமல் தடுமாறினான்.

"அஞ்சு!" என்று மாமா திரும்பிக் கத்தினார். "உனக்கு அஞ்சு மகன்! நான் என்ட எட்டச் சொல்லிட்டன், பிழ என்டதான்!"

அந்த நடுத்தண்ணீரில், தொடை நனைய நின்றுகொண்டு, மன்னிப்புக் கேட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டு ஐந்தாவது எட்டை வைத்தான்.

கரையேறினோம். ஒன்பது பேரையும் மூன்று தடவை எண்ணினேன். பொலித்தீன் பைகள் எல்லாம் காய்ந்தபடி இருந்தன. பஸ் வந்து, ஈர உடுப்போடு அவர்கள் ஏறிக்கொண்டார்கள். தாய்மார் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அக்கரையில் மில்லுக்காரர் மட்டும் தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நான் பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போய்விட்டேன். அங்கே இருக்கும்போதுதான் மாமா மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தான செய்தி வந்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது அந்தக் கரைதான்.

மாமி ஓரமாக நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தா. தலை கலைந்து, கன்னத்தில் சேறு. மாமா கம்பை ஊன்றியபடி அவவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, கரையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தாய்மாரை, என்னை, மரத்தடியில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவியை.

"இஞ்சாருங்க, என்ன பாக்கிறீங்க?" என்றா மாமி.

"இந்தக் கரையில நிக்கிற பொம்புளயளுக்குள்ள நீதான் வடிவு."

மாமியின் கை பிழிவதை நிறுத்திவிட்டது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தா. பிறகு அவரை முறைத்தா.

"பெரிய சங்கதிதான். ஆறு பேருக்குள்ள!"

"ஏழு," என்றார் மாமா. "ஆட்டோட நிக்கிறவவ நீ எண்ணல்ல."